குயவனும் புற்றும்: வடிவமைப்பு வாதமும் கூர்தல் கொள்கையும் தமிழ் மெய்யியல் நோக்கில்

உலகிற்குச் செய்தான் ஒருவன் உண்டா என்பது தமிழுக்குப் புதிய வினா அன்று. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் கொள்கைகளை எடுத்துரைக்கும் காதையிலேயே உலகை இறைவன் படைத்தான் என்பாரும், பூதங்களின் கூட்டமே உலகு என்பாரும் அடுத்தடுத்து நின்று பேசுகின்றனர். நீலகேசி படைப்போனை ஏலாத சமணத்தின் குரலாகவே எழுந்த நூல். சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதனை முதற்கண் நிறுத்தி மறுக்கிறது. இவ்வளவு நீண்ட வாதமரபு உடைய ஒரு மொழியில், அதே வினா இன்று வேறோர் உடையில் வந்து நிற்கும்போது, நம் அறிஞர் பலர் அம்மரபை மறந்துவிட்டு அயலில் உருவான வாய்பாட்டை அப்படியே எடுத்தாள்வது வியப்பளிக்கிறது. அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கை எனப்படும் அவ்வாய்பாடு தமிழ் மெய்யியலின் இறைவாதத்தோடு எவ்விடத்து ஒன்றுகிறது, எவ்விடத்துப் பிரிகிறது, இவ்வழக்கில் ஒரு தமிழாய்வாளன் நேர்மையுடன் எவ்வளவு சொல்லலாம் என்பனவே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வழக்கின் இன்றைய நிலை

வில்லியம் பேலி 1802இல் கடிகார உவமையைக் கூறினார். வெற்றுநிலத்தில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டவன் அதைச் செய்த கைவினைஞனை உய்த்துணர்வது போல, கண் முதலிய உறுப்புகளைக் கண்டவன் இறைவனை உய்த்துணர்வான் என்பது அவர் துணிபு. டார்வின் 1859இல் வெளியிட்ட நூல் அவ்வுய்த்துணர்வுக்கு மாற்று விளக்கம் தந்தது. உயிர்களிடையே இயல்பாகவே வேறுபாடுகள் தோன்றுகின்றன. அவற்றுள் சில வழிவழிச் செல்கின்றன. பிழைத்து இனம்பெருக்க உதவுவன மிகுகின்றன. நெடுங்காலத்தில் இதுவே புதிய இனங்களுக்கு வழியாகிறது. மைக்கேல் பீஹி 1996இல் பேலியின் வாதத்தை உயிர்வேதியியல் மொழியில் புதுக்கினார். பாக்டீரியாவின் கசையிழை போன்ற அமைப்புகளில் ஓர் உறுப்பை நீக்கினாலும் முழுமையும் செயலிழக்கும். ஆகவே அவை சிறிதுசிறிதாகத் தோன்றியிருக்க இயலாது என்றார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் நகரப் பள்ளிகளில் இக்கொள்கையை அறிமுகப்படுத்த முயன்றபோது பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், இஃது அறிவியல் அன்று, சமயக் கருத்தே எனத் தீர்ப்பளித்தார். அறிவியல் கொள்கை என்பதற்குத் தாம் தரும் வரையறையின்படி சோதிடமும் அதனுள் அடங்கும் எனப் பீஹி குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டது பலராலும் எடுத்துக்காட்டப்படும் செய்தி.

நம் நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. வேறு வழிகளில் வந்தது. 2018 ஜனவரியில் நடுவண் மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் கண்டதில்லை, டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, பாடத்திட்டத்தில் அதை மாற்ற வேண்டும் என அவுரங்காபாத்தில் கூறினார். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பறிக்கை வெளியிட்டன. அடுத்த ஆண்டு ஜலந்தரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அந்நாளைய துணைவேந்தர் ஜி. நாகேஸ்வர ராவ், டார்வின் கொள்கையினும் தசாவதாரமே சிறந்த விளக்கம் என்றார். 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அதனை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உண்டு. எனினும் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் மாணவர்க்கு அது கிட்டாது. தமிழிலக்கியம் பயில வருவோர் பெரும்பாலும் அத்தகையோரே என்பதை நம் துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குயவன்

மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரு நூற்பாக்களால் ஆயது. அதன் முதல் நூற்பா உலகிற்குக் கருத்தா உண்டு என நிறுவுகிறது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் முத்தொழில் உடையது. ஆகவே அது செய்யப்பட்டது. சடமாகிய அது தானே தோன்றாது. எனவே ஒடுக்குவோன் ஒருவனே அதனை மீளத் தோற்றுவிப்பவனும் ஆவான் என்பது அதன் போக்கு. இதனை விளக்கக் குடமும் குயவனும் உவமையாகக் கூறப்படும். மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகிற்கு முறையே மாயை, சத்தி, இறைவன் என்பர்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பேலியின் கடிகாரமே போலத் தோன்றும். ஆயின் இரண்டன் ஏதுவும் ஒன்றல்ல. பேலியும் பீஹியும் வியக்கத்தக்க அமைப்புடைய சில பொருள்களைத் தேர்ந்து, அவற்றிலிருந்து வாதிடுகின்றனர். கடிகாரத்தை அது கிடக்கும் நிலத்துக் கல்லினின்று வேறுபடுத்துவதே பேலியின் உத்தி. மெய்கண்டார்க்கு அவ்வேறுபாடு வேண்டியதில்லை. தோன்றி ஒடுங்குவது என்னும் ஏது, கண்ணுக்கும் கல்லுக்கும் புல்லுக்கும் ஒப்பப் பொருந்தும். ஆகவே கசையிழை எவ்வாறு படிப்படியாக அமைந்தது என்பதை நாளை ஒருவர் முற்றும் விளக்கினால், பீஹியின் வாதம் அந்த அளவில் வீழ்கிறது. சிவஞானபோதத்தின் வாதம் அதனால் வீழ்வதுமில்லை, வெல்வதுமில்லை. அறிவியல் அறியாத இடைவெளிகளில் இறைவனை அமர்த்துவது பீஹியின் முறை. அவ்விடைவெளிகள் குறையக்குறைய அவ்விறைவனும் குறைவான். முழுமுதல் என்று ஒருவனைக் கொண்ட சைவர்க்கு இத்தகைய வழக்கறிஞர் வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து.

இவ்வுண்மையைச் சைவத்திற்கு வெளியே, வைணவத்தில் இன்னும் கூர்மையாகக் காணலாம். நியாய நூலார், குறிப்பாகப் பத்து, பதினோராம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த உதயணர், உலகம் காரியம் ஆதலின் அதற்குக் கருத்தா உண்டு என அனுமானத்தால் நிறுவ முயன்றனர். இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில், பிரமம் சாத்திரத்தாலேயே அறியப்படுவது என்னும் நூற்பாவிற்கு (1.1.3) உரை காணுமிடத்து, இவ்வனுமானத்தை உறுப்புறுப்பாகப் பிரித்து மறுக்கிறார். மலையும் கடலும் காரியமே எனக் கொண்டாலும், அவை அனைத்தும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்குச் சான்று ஏது? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கருத்தாக்கள் செய்திருத்தல் கூடாதோ? நாம் கண்ட கருத்தாக்கள் எல்லாரும் உடம்புடையோர்; சிற்றறிவினர்; அவரை வைத்து உடம்பற்ற, முற்றறிவுடைய ஒருவனை எவ்வாறு உய்த்துணர்வது? இவ்வினாக்களை எழுப்பியவர் இறைமறுப்பாளர் அல்லர். திருவேங்கடத்து வழிபாட்டு மரபோடு பெயர் பிணைந்த ஆசாரியர். டேவிட் ஹியூம் 1779இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் ஏறத்தாழ இவற்றையே கேட்டார். அவரை நாத்திகர் என்றனர். இராமானுசரை நாம் அவ்வாறு சொல்வதில்லை. இறைவனை நம்புதல் ஒன்று, உயிர்களின் அமைப்பிலிருந்து இறைவனை நிறுவுதல் மற்றொன்று என அவர் தெளிவாகப் பிரித்ததே காரணம்.

புற்று

குயவன் உவமைக்கு எதிராகப் பௌத்தரான தருமகீர்த்தி கொணர்ந்த பொருள் கரையான் புற்று. குடம் மண்ணின் திரிபாதலின் குயவனை உணர்த்தும் எனின், புற்றும் மண்ணின் திரிபே. அதனையும் குயவன் செய்தான் எனலாமோ என்பது ஏழாம் நூற்றாண்டில் அவர் எழுப்பிய வினா. வடிவமுடைமை என்னும் சொல் இரண்டற்கும் பொதுவாயினும், குடத்தைச் செய்வாரை நாம் கண்டுள்ளோம். அக்காட்சியே உய்த்துணர்வுக்கு அடிப்படை. காணாதவிடத்துச் சொல்லொற்றுமை மட்டும் பயன்படாது. நியாய நூலார் இதற்குத் தோற்கவில்லை. புற்றும் வழக்கிற்கு உட்பட்ட பொருளே, வழக்கிலுள்ள பொருளைக்கொண்டு வழக்கைத் தள்ளலாகாது என்றனர். வாதம் அங்கேயே நின்றுவிட்டது.

தருமகீர்த்தி எண்ணியதினும் புற்று வலிய உவமை. தென்னிந்தியச் செம்மண் நிலங்களில் ஆளுயரப் புற்றெழுப்பும் கரையான் இனம் ஒடன்டோடெர்மெஸ் ஒபீசஸ். அதன் உழைப்பாளிக் கரையான்கள் பார்வை அற்றவை. புற்றின் முழு வடிவம் எந்தக் கரையானின் அறிவிலும் இல்லை. ஈரமண் உருண்டையை ஒன்று வைக்கிறது. அதன் தூண்டலால் அருகே மற்றொன்று வைக்கிறது. இவ்வாறே சுவரும் குழாயும் காற்றோட்டமும் அமைகின்றன. செய்த வேலையே அடுத்த வேலையைத் தூண்டும் இம்முறையைப் பிரெஞ்சு ஆய்வாளர் பியர்-பால் கிராசே 1959இல் பெயரிட்டு விளக்கினார். தொல்காப்பிய மரபியல் கரையானையும் எறும்பையும் மூவறிவு உயிர் என்னும். மூவறிவினால் மாளிகை எழுகிறது.

கரையான்களின் அக்கட்டும் இயல்பைத் தந்தவன் யார் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது மெய்கண்டாரின் கேள்வி, பீஹியின் கேள்வி அன்று. திருமலைத் தலபுராணத்தில் சீனிவாசன் புற்றில் மறைந்திருந்தான் என்பது கதை. சித்தூர் மாவட்டச் சிற்றூர்களில் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் வார்க்கும் பெண்டிர்க்கு, அதைக் கட்டியது கரையான் என்பது தெரியும். அவ்வறிவு அவர் கையிலிருந்த பாற்செம்பைத் தட்டிவிட்டதில்லை.

பள்ளியும் ஹள்ளியும்

அமைச்சர் சொன்ன ஏது, யாரும் கண்டதில்லை என்பது. இதற்கு உயிரியலாளர் தொல்லெச்சங்களையும் மரபணுக்களையும் காட்டி விடையிறுத்துள்ளனர். தமிழாய்வாளர்க்கு விடை தம் துறையிலேயே இருக்கிறது.

திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள குப்பத்திற்கு அடுத்த மண்டலம் குடுபல்லி. மூன்று மாநிலங்கள் நெருங்கும் இந்நிலத்தில் ஊர்ப்பெயர் ஈறுகளே ஒரு வரலாற்று நூல். தெலுங்கில் பல்லி, பல்லெ, தமிழில் பள்ளி, எல்லை கடந்து கோலார் மாவட்டத்தில் ஹள்ளி. இது தனித்ததொரு வேறுபாடு அன்று. தமிழ் பால், தெலுங்கு பாலு, கன்னடம் ஹாலு. தமிழ் பாம்பு, தெலுங்கு பாமு, கன்னடம் ஹாவு. தமிழிலும் தெலுங்கிலும் புலி, கன்னடத்தில் ஹுலி. பத்து, பதி, ஹத்து. மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஒழுங்காக ஹகரமாயிற்று. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே உண்டு. பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிப் பின்வந்த சில நூற்றாண்டுகளில் மாற்றம் பரவியது. இவ்வொன்றற்குக் கல்வெட்டுச் சான்றேனும் உண்டு. மூலத்திராவிடத்திற்கோ ஒரு வரிகூடச் சான்றில்லை. அதை யாரும் கேட்டதில்லை, எழுதியதும் இல்லை. எனினும் எல்லிஸ் 1816இல் முன்மொழிந்து, கால்டுவெல் 1856இல் விரித்த இம்மொழிக்குடும்ப உறவை நாம் ஐயுறுவதில்லை. உறவுடைய மொழிகளில் ஒழுங்குடன் அமைந்த ஒற்றுமை வேற்றுமைகளே சான்றாகின்றன. டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில், மொழிகள் உருவான முறையும் உயிரினங்கள் உருவான முறையும் வியப்பூட்டும் அளவு இணையானவை எனச் சுட்டியதும் இதனாலேயே. காணாததை ஏற்கலாகாது என்பது அளவையாயின், முதலில் மூடவேண்டியது ஒப்பிலக்கணத் துறையை.

பகுக்கவியலாத சிக்கல் என்னும் பீஹியின் ஏதுவுக்கும் இங்கு விடை உண்டு. இன்றைய தமிழின் வேற்றுமை அமைப்பும் கால அமைப்பும் ஓருறுப்பை எடுத்தால் குலையும் முழுமைகள். ஆயின் அவ்வுறுப்புகள் வந்த வழி வேறு. ஆறாம் வேற்றுமைப் பொருளில் இன்று வழங்கும் ‘உடைய’ ஒருகாலத்தில் உடைமை குறித்த பெயரெச்சம். மூன்றாவதன் பொருளில் வரும் ‘கொண்டு’ வினையெச்சம். நிகழ்காலங் காட்டும் ‘கின்று’ சங்க நூல்களில் மிக அருகியே காணப்படுகிறது. பக்தி இலக்கியக் காலத்தில்தான் பெருகுகிறது. வேறொரு வேலைக்கென இருந்த உறுப்பு புதிய வேலைக்கு ஆட்பட்டது. பின் அதுவின்றி இயலாது என்னும் நிலை வந்தது. கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களுள் பல, சில பாக்டீரியாக்களில் நச்சுப்பொருளைச் செலுத்தும் ஊசி போன்ற வேறோர் உறுப்பின் புரதங்களோடு உறவுடையன என்று உயிரியலார் காட்டுவது இதே வகை விடை.

உவமை ஓரளவினதே. மொழியை மாற்றுவோர் கருத்துடைய மாந்தர். மரபணு மாற்றத்திற்குக் கருத்தில்லை. குப்பத்துத் தமிழில் தெலுங்குச் சொல் எளிதிற் புகுவது போல விலங்கினங்கள் தம்முள் உறுப்புகளைக் கடன்கொள்வதில்லை. நாம் கொள்வது, காணாத இறந்தகாலத்தைக் காணும் சான்றால் துணியும் முறையில் உள்ள ஒப்புமையை மட்டுமே. சிவபெருமான் அகத்தியர்க்குத் தமிழ் அருளினார் என்பதை வழிபாட்டில் ஓதும் சைவப் புலவர், அதனைக் காட்டி ‘கின்று’ பிற்கால வழக்கு என்பதை மறுத்ததில்லை. இருவேறு பேச்சுகள் இருவேறு இடங்களில் நிற்கின்றன என்பதைத் தம் துறையில் அறிந்தவர், உயிரியலில் மட்டும் ஏன் மறத்தல் வேண்டும்?

முன்னோடிப் பட்டம்

இதனினும் நம்மை நெருக்கமாகத் தொடும் தவறு மற்றொன்று. டார்வினை மறுப்போர் ஒருபுறமிருக்க, டார்வினுக்கு முன்னரே எம்மவர் கூறினர் என்போர் தமிழாய்வில் மிகுதி. தொல்காப்பியரின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பும், மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் புல்லாகிப் பூடாகிப் பிறந்திளைத்ததைக் கூறும் பகுதியும் இதற்குக் காட்டப்படுகின்றன. முன்னது புலனறிவை அளவையாகக் கொண்ட வகைப்பாடு. ஓரறிவுயிரின் வழித்தோன்றலே ஈரறிவுயிர் என அது கூறவில்லை. பின்னதில் பயணம் செய்வது ஓர் உயிர். உடம்புகள் அதன் தங்குமிடங்கள். அப்பட்டியலில் கல்லும் உண்டு, மனிதர்க்குப்பின் பேயும் தேவரும் உண்டு. தசாவதாரத்தை டார்வினோடு இணைத்ததுகூட நம் பழம்புலவர் செயல் அன்று. பிளவாட்ஸ்கி அம்மையார் 1877இல் வெளியிட்ட நூலில் அவ்விணைப்பு காணப்படுகிறது. இவ்வாறு பட்டம் சூட்டுவதில் இரட்டை இழப்பு உள்ளது. டார்வின் சொன்னது சிதைகிறது. மாணிக்கவாசகர் கதறியது ஒரு பாடநூற் குறிப்பாகச் சுருங்குகிறது. இரண்டாவதே நமக்குப் பேரிழப்பு.

கலைச்சொற்களும் இம்மயக்கத்திற்குத் துணைபோகின்றன. பரிணாமம் சாங்கியர் சொல். முன்னரே உள்ளடங்கியது வெளிப்படுதல் அதன் பொருள். டார்வின் கொள்கையில் உள்ளடங்கிய இலக்கு எதுவுமில்லை. படிமலர்ச்சி என்பது ஏணியையும் மேன்மையையும் குறிப்பால் உணர்த்துகிறது. உயிர்வரலாறு கிளைமரமே ஒழிய ஏணி அன்று. கூர்தல் என்பதே ஒருவாறு பொருந்தும். உள்ளது மிகுதல் எனத் தொல்காப்பியர் தரும் பொருள், இருக்கும் வேறுபாடுகளுள் சில பெருகுவதைச் சுட்டவல்லது. ஆனால் அதனோடு ‘அறம்’ என்பதைக் கூட்டிக் கூர்தலறம் என வழங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. வலியது வாழ்தல் அறம் எனத் திரித்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டில் சிலர் இழைத்த கொடுமைகளை எண்ணினால், அவ்வொட்டு எத்துணை இடர் தருவது என விளங்கும்.

எஞ்சும் இடர்

அறிவியலுக்கும் சமயத்திற்கும் முரணே இல்லை எனக் கூறி முடித்துவிடுவது எளிது, உண்மை அன்று. சில முரண்கள் பொய்ம்முரண்கள். முட்டை, வியர்வை, வித்து, கருப்பை என நால்வகைத் தோற்றங் கூறும் மரபில், பேன் முதலியன வியர்வையில் பிறப்பன என்பர். பேனும் முட்டையினின்றே பிறப்பது என்பது தெளிவான பின்னும் சித்தாந்தத்தில் ஒரு நூற்பாவும் ஆட்டங்காணவில்லை. காலப்பரப்பும் அத்தகையதே. குடுபல்லி மண்டலத்துச் சிகுருகுண்டாவில் 2001 வரை பொன் எடுத்த சுரங்கம், ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையுடைய கோலார்ப் பாறைப் பட்டையைச் சேர்ந்தது. திருமலை மலைப்பாதையில் கீழ்ப்பாறைக்கும் அதன்மேற் படிந்த பாறைக்கும் இடையே 50 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி இருப்பதாகப் புவியியலார் கணித்து, அவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் குறித்துள்ளனர். உலகிற்கு ஆறாயிரம் ஆண்டு வரையறுத்த சமயத்தார்க்கு இஃது இடராகலாம். ஊழிகளை எண்ணிப் பழகிய நமக்கு அன்று.

உண்மையான முரண் வேறிடத்தில் உள்ளது. உயிர்களின் மலம் நீங்கும்பொருட்டு, அவற்றின் வினைக்கேற்பத் தனு, கரணம், புவனம், போகம் ஆகியவற்றை இறைவன் கூட்டுகிறான் என்பது சித்தாந்தம். உடம்பு என்பது ஒருவர்க்கென அளந்து தரப்பட்டது. கூர்தல் கொள்கையிலோ வேறுபாடுகள் எவருடைய தேவையையும் நோக்கி எழுவதில்லை. தோன்றிய இனங்களுள் பெரும்பாலானவை அற்றொழிந்தன. குளவி தன் முட்டையைப் புழுவின் உடலில் இட, குஞ்சுகள் அப்புழுவை உயிரோடு உண்டு வளர்கின்றன. இதைக் கண்டே டார்வின் அருளுடைய கருத்தாவைப் பற்றிய தம் ஐயத்தை 1860இல் அமெரிக்கத் தாவரவியலார் ஏசா கிரேக்கு எழுதிய மடலில் வெளியிட்டார். அப்புழுவின் நோவு அதன் பழவினை எனச் சைவர் கூறுவர். அவ்விடை நோவுக்குக் காரணம் காட்டலாம். மனிதப் பிறப்பே இல்லாத கோடிக்கணக்கான ஆண்டுகளில், நல்வினை தீவினை செய்யவல்ல உடம்பு எதுவுமின்றி, உயிர்கள் எவ்வினையை ஈட்டின, எதை நுகர்ந்தன என்பதற்கு அது போதாது. முந்தைய படைப்புகளில் ஈட்டிய சஞ்சிதம் எனலாம். வேறு புவனங்களில் ஈட்டியது எனலாம். இவ்விடைகளுக்கான கருவிகள் சிவஞான முனிவரின் மாபாடியத்தில், மீளத் தோற்றம் பற்றிய பகுதியில் கிடைக்கக் கூடும். அப்பகுதியை இவ்வினாவோடு ஒருவர் அமர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. பரபக்கம் எழுதிய அருணந்தி சிவாசாரியார், மறுக்க எடுத்துக்கொண்ட கொள்கை ஒவ்வொன்றையும் அதன் ஆசிரியரே உடன்படும் அளவுக்கு முதலில் விரித்துரைத்த பின்னரே மறுப்புக்குச் சென்றார். டார்வினுக்கு அத்தகைய பரபக்கம் ஒன்று தமிழில் இன்னும் எழுதப்படவில்லை.